எட்டாங்கிளாஸ் போதும், தாயே!

போன ஆவணியில் ஒரு மத்தியானம். மதுரையில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டின் மூன்றாவது வீட்டுத் திண்ணையில் பூக்கட்டுகிற பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பத்து மாதப் பெண் குழந்தை. முறத்தில் மல்லிகை, ஈரத்துணியில் சுருட்டிய வாழைநார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் டை கட்டிய ஒரு பையன். பெரிய பையைத் திறந்து வழவழப்பான அட்டைகளைப் பரப்பிக்கொண்டிருந்தான். ஆப்பிள், ஏரோப்பிளேன், அனகோண்டா. "மூணு வயசோட மூளை வளர்ச்சி முடிஞ்சிரும் மேடம். இப்ப விட்டீங்கன்னா அப்புறம் புடிக்கவே முடியாது." விலை நாலாயிரத்து எண்ணூறு. மூன்று தவணையில் கட்டலாமாம்.

அவன் போனதும் அவள் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, வாங்கிரவா? நான் எட்டாங்கிளாஸு. பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்க எனக்கு என்ன தெரியும்?"

கேட்டுக்கொண்டே இருக்கும்போது குழந்தை முறத்திலிருந்து ஒரு மொட்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனது. இவள் பேச்சை நிறுத்தவில்லை, என் முகத்திலிருந்து பார்வையையும் எடுக்கவில்லை. கை மட்டும் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்தது. "வாயில வைக்காதடி. பூ. மோந்து பாரு... ம்ம்ம்." மூக்கைச் சுருக்கிக் காட்டினாள். குழந்தை அவள் மூக்கையே பார்த்தது. பிறகு தன் மூக்கைச் சுருக்கியது. "ம்ம்" என்றது.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. கண்முன்னே ஒரு பாடம் நடந்து முடிந்திருக்கிறது. ஒரு சொல், அந்தச் சொல்லுக்குரிய பொருள், அதன் மணம், ஒரு கட்டளை, ஒரு முகபாவம், அதைப் பார்த்துத் திருப்பிச் செய்தல், எல்லாம் அரை நிமிஷத்தில். நடத்தி முடித்தவள் சொல்கிறாள், தனக்கு ஒன்றும் தெரியாது என்று!

எனக்கு என்ன தெரியும். இந்த மூன்று சொல்லை முதலில் வீட்டைவிட்டுத் துரத்துங்கள். இந்த நாட்டில் எத்தனையோ தாய்மார் வாயில் தாலாட்டைவிட அதிகமாகப் புழங்குகிற வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். பசிக்கு அழுகிற அழுகை எது, தூக்கத்துக்குச் சிணுங்குவது எது, வயிற்றுவலியில் காலை மடக்கிக்கொண்டு கத்துவது எது என்று அடுப்படியில் நின்றபடியே பிரித்துச் சொல்கிறீர்களே, அதை எந்தக் கல்லூரியில் படித்தீர்கள்? டை கட்டிய அந்தப் பையனால் சொல்ல முடியுமா?

உங்கள் பிள்ளை பிறக்கும்போதே உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது. 1980-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களுக்கு ஒரு சூப்பானைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் அம்மாவின் குரல் ஒலிக்கும், வேறு விதமாகச் சப்பினால் வேறு பெண்ணின் குரல். கண்ணைச் சரியாகத் திறக்காத அந்தப் பச்சைமண்கள், அம்மாவின் குரல் வருகிற மாதிரி தங்கள் சப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டன. வயிற்றில் இருக்கும்போதே கேட்டுப் பழகிய குரல் ஆயிற்றே. அந்தக் குரலுக்கு எட்டாங்கிளாஸா, எம்.ஏ.வா என்று குழந்தை கேட்கவில்லை.

அந்தப் பையன் சொன்னதில் பாதி நிஜம், அதனால்தான் பயம் பலித்தது. பிறக்கும்போது பிள்ளையின் மூளை பெரியவர் மூளையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. இரண்டு வயதுக்குள் முக்கால் பங்கை எட்டிவிடும். நரம்புக்கும் நரம்புக்கும் இணைப்புப் போடுகிற வேலை அந்த வயதில் நடக்கிற வேகத்தில் பிறகு எப்போதும் நடப்பதில்லை. ஆனால் மூன்று வயதோடு கதவைச் சாத்திவிடுவார்கள் என்பது வியாபாரம். மூளை அதற்குப் பிறகும் கற்கும், இருபதிலும் கற்கும், அறுபதில் ஆண்ட்ராய்டு போன் கற்றுக்கொள்கிற மாமியார்களை நாம் பார்க்கவில்லையா? ஆரம்பம் முக்கியம், அதற்காக அரண்டுபோக வேண்டியதில்லை.

சரி, அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம். அட்டையில் இல்லாத எது அந்த முறத்தில் இருக்கிறது? அட்டையில் ரோஜாவுக்கும் சாணிக்கும் ஒரே வழவழப்பு, ஒரே மணம். முறத்தில் மல்லி வெள்ளை, கனகாம்பரம் ஆரஞ்சு, மரிக்கொழுந்து பச்சை. மொட்டு குளிர்ச்சி, நார் ஈரம், முறம் சொரசொரப்பு. இவள் கட்டும்போது "ரெண்டு மேல, ரெண்டு கீழ, ஒரு முடிச்சு" என்று தன்னையறியாமல் முணுமுணுக்கிறாள். மேல், கீழ், இரண்டு, ஒன்று. கணக்கு வகுப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. சரம் நீள நீள முழங்கையில் அளக்கிறாள். அடுத்த வருஷம் பாருங்கள், அந்தக் குழந்தையும் ஒரு நாரை எடுத்துத் தன் முழங்கையில் வைத்து அளக்கும். (ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பத்து மாதப் பிள்ளை பக்கத்தில் மொட்டுக்கூடையைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள், தொண்டையில் அடைக்கும். அரளி கட்டுகிற நாளில் பிள்ளையைக் கிட்டேயே விடாதீர்கள், அது விஷம்.)

உங்கள் வீட்டில் முறமும் மல்லிகையும் இல்லாவிட்டால் என்ன? இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு கரண்டி, துவைத்து மடிக்கிற துணி, உரிக்கிற வெங்காயம் இருக்கிறதா இல்லையா? கரண்டியைக் கீழே போட்டால் பிள்ளை எட்டிப் பார்க்கும். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடும். பத்துத் தடவை போடும். "வேணும்னே பண்ணுது" என்று எரிச்சல் வரும், எனக்கும் வந்திருக்கிறது. வேண்டுமென்றேதான் பண்ணுகிறது! விட்டால் விழும், விழுந்தால் சத்தம் வரும், கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் எங்கோ இருக்கிறது, அம்மா ஒவ்வொரு தடவையும் எடுத்துத் தருவாள், இவ்வளவையும் சோதித்துப் பார்க்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளைக்கோட்டுப் போட்டவர் இதைச் செய்தால் மரியாதை, நம் வீட்டு வாண்டு செய்தால் அடியா?

இன்னொரு பெரிய அவமானத்தைப் பற்றிப் பேச வேண்டும். நம் மொழி.

பேருந்தில் பார்க்கிறேன். ஒரு தாய் மற்றவர்களிடம் மதுரைத் தமிழில் வெளுத்து வாங்குகிறாள். இடுப்பில் இருக்கிற பிள்ளையிடம் திரும்பியதும் "பேபி, லுக் பேபி, டாக் பேபி, சிட் பேபி" என்று அரைச்சொல்லாகக் குறுகிவிடுகிறாள். ஆறு பேரை ஒரே சொல்லில் மடக்கும் வாய், பெற்ற பிள்ளையிடம் நாலு சொல்லோடு பிச்சை எடுக்கிறது. ஏனம்மா இந்தத் தண்டனை, உனக்கும் பிள்ளைக்கும்?

1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இந்தியில் நம்மைப் போலவே 'ட' வேறு, 'த' வேறு. இங்கிலீஷ் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு அந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் அதே இங்கிலீஷ் வீடுகளில் பிறந்த ஆறு, எட்டு மாதக் குழந்தைகள் அந்த வேறுபாட்டைப் பளிச்சென்று பிடித்தன! கிட்டத்தட்ட ஒரு வயதாகும்போது அந்தத் திறமை மங்கிவிட்டது. வீட்டில் யாரும் அந்த ஒலிகளைப் பேசவில்லை, அதனால் வேண்டாதது என்று மூளை ஒதுக்கிவிட்டது. இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளிடம் அது மங்கவில்லை.

இப்போது உங்கள் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பதத்துக்கும் படத்துக்கும், மனத்துக்கும் மணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் காதுக்குள் காப்பாற்றி வைத்திருப்பவர் யார்? "தட்டுல பருப்பு, தொட்டுக்க நெய்" என்று பேசிக்கொண்டே ஊட்டுகிற நீங்கள். (மதுரைக்காரர்கள் நாங்கள் ழகரத்தை விழுங்கி 'வாளப்பளம்' ஆக்கிவிடுவோம் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.) வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறீர்களா? அதிலேயே கொஞ்சுங்கள். தெலுங்கா, கன்னடமா, உருதுவா? உங்களுக்கு எந்த மொழியில் கோபம் தானாக வருமோ, சிரிப்பு தானாக வருமோ அதில் பேசுங்கள். இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிவிடும் என்பதும் வெறும் பயம். பக்கத்து வீட்டில் ஒன்று, சொந்த வீட்டில் ஒன்று பேசி வளர்ந்த பிள்ளைகள் மதுரைத் தெருக்களில் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள்!

"இதெல்லாம் பேச நல்லா இருக்கு, படிக்காத, வசதியில்லாத வீட்டில் நிஜமாகவே பலன் இருக்குமா?" நல்ல கேள்வி. பதில் ஜமைக்காவில் இருக்கிறது.

அதன் தலைநகர் கிங்ஸ்டனில் 1986, 87-ல், ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள், சத்துக்குறைவால் வயதுக்கேற்ற உயரமில்லாமல் குன்றியவை. சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற ஆய்வாளரின் குழு அவர்களில் ஒரு பாதிக் குழந்தைகளின் வீடுகளுக்கு ஆள் அனுப்பியது. யாரை? பேராசிரியர்களை அல்ல, உள்ளூர் சுகாதாரப் பணியாளர் பெண்களை. நம் ஊர் அங்கன்வாடி அக்கா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம். கொண்டுபோன பொம்மைகள்? காலி பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப்பெட்டி போன்றவற்றில் கையால் செய்தவை. அந்தப் பெண்கள் பிள்ளைக்குப் பாடம் எடுத்துவிட்டு எழுந்து வரவில்லை. பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது, எப்படிப் பாராட்டுவது என்று தாயோடு உட்கார்ந்து செய்து காட்டினார்கள். மீதி நாளெல்லாம் செய்தது தாய்.

இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள். விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்கள், அது கிடைக்காத மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். குன்றாமல் வளர்ந்த பிள்ளைகளின் வருமானத்தையே எட்டிப் பிடித்துவிட்டார்கள். 2014-ல் 'சயின்ஸ்' இதழில் இந்தக் கணக்கு வெளிவந்தது. காலி பாட்டில்! அட்டைப்பெட்டி! நாலாயிரத்து எண்ணூறை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

நமக்கோ யாரும் வீடு தேடி வந்து செய்து காட்டவேண்டிய அவசியம்கூட இருந்ததில்லை. பிள்ளைத்தமிழ் தெரியுமல்லவா? பள்ளியில் மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்திருப்போம். அதன் பருவங்களை ஒரு குழந்தை மருத்துவரின் கண்ணோடு திருப்பிப் பாருங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, பிள்ளை கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதில் சப்பாணி, கைதட்டுவது. பதின்மூன்றாம் மாதம் வருகை, தளர்நடையிட்டு வா என்று அழைப்பது. அதற்கு மேல் அம்புலி, நிலவைக் காட்டி விளையாடக் கூப்பிடுவது. இன்றைக்குத் தடுப்பூசி அட்டையோடு தரும் வளர்ச்சிப் படிநிலைகளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மலைப்பாக இருக்கும். நம் புலவர்கள் மாதக் கணக்கை அடுக்கினார்கள் என்றால், அவர்களுக்கு முன்னால் யாரோ அப்பத்தாக்கள் இடுப்பில் பிள்ளையோடு நின்று அதைப் பார்த்துவைத்திருக்க வேண்டும்.

பருப்புக் கடைகிற விளையாட்டு உங்கள் வீட்டில் இன்னும் உண்டா? பிஞ்சு உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி ஆளுக்கு ஒரு வாய் கொடுத்து, கடைசியில் நண்டு ஊர ஊர அக்குளில் போய்க் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே. நண்டு முழங்கையைத் தாண்டும்போதே பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடும். அடுத்தது என்ன வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது! கதையின் வரிசை தெரிந்துவிட்டது. நாளைக்குப் புத்தகத்தில் பக்கம் புரட்டத் துடிக்கப்போவது இந்தத் துடிப்புத்தான்.

இப்போது என் வண்டவாளம். என் மகனுக்கு ஒன்றரை வயதில் சோறூட்டப் போனைக் கையில் கொடுத்தவள் நான். வேலைக்குப் போகும் அவசரம். பாட்டு ஓடும், வாய் தானாகத் திறக்கும், பத்து நிமிஷத்தில் கிண்ணம் காலி. கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன். ஒருநாள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. அவன் திடுக்கிட்டுக் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தான். ரசம் சோற்றில் விரலை விட்டு, என்னைப் பார்த்து, "இது?" என்றான். மாதக்கணக்கில் தினமும் தின்ற ரசம் சோற்றை அன்றைக்குத்தான் அவன் பார்க்கிறான். எனக்குக் கிண்ணத்தை வைத்துவிட்டு அழத் தோன்றியது.

அமெரிக்காவில் பாட்ரிஷியா குல் என்பவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் சம்மட்டி மாதிரி இறங்குகிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசும் ஆட்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் படித்தார்கள், பன்னிரண்டு தடவை. குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களைத் திரையில் காட்டியபோது? ஒன்றும் ஏறவில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், தூரத்து உறவினரோடு எப்போதாவது வீடியோவில் பேசுவதைத் தவிர என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2021-ல் சொல்லிவிட்டது. கைப்பேசிக்குக் கண் இல்லை. உங்கள் பிள்ளை மூக்கைச் சுருக்கினால் அது திருப்பிச் சுருக்காது.

வித்தை என்று ஒன்று இருக்கிறதென்றால் அது காத்திருப்பது. குளிப்பாட்டும்போது "தண்ணி ஊத்தவா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே ஊற்றாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிள்ளை உங்களைப் பார்க்கும், காலை உதைக்கும், "ங்கா" என்னும். அதுதான் பதில். "ஊத்தணுமா? சரி, ஊத்திருவோம்" என்று அதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். நாம் பெரும்பாலும் கேள்வியும் நாமே, பதிலும் நாமே என்று கச்சேரி நடத்திவிடுகிறோம். எதிராளிக்கு மேடை கொடுங்கள்.

அப்பாமாரே, எங்கே நழுவுகிறீர்கள்? "பேச ஆரம்பிக்கட்டும், அப்புறம் நான் பாத்துக்கிறேன்" என்கிற வீரர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் பேசாவிட்டால் அது எதைக் கேட்டுப் பேச ஆரம்பிக்கும்? டிவிஎஸ் ஐம்பதைத் துடைக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து "இது சக்கரம், இது சீட்டு, இது ஹாரன்" என்று சொல்ல உங்களுக்கு எந்தப் பட்டம் வேண்டும்? நைட் ஷிப்ட் முடிந்து வருகிறீர்களா, உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறதா? படுத்துக்கொள்ளுங்கள், பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள், இன்றைக்குக் கம்பெனியில் நடந்ததைச் சொல்லுங்கள். சூப்பர்வைசரைத் திட்டினாலும் பரவாயில்லை. அதற்குக் குரல் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தைரியம் வேறு பக்கம் திரும்ப வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒரு வயதாகியும் மழலை வராத, எதையும் விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்காத பிள்ளை என்றால், "அவங்க அப்பாகூட லேட்டாத்தான் பேசினாரு" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மாவட்ட அளவில் அரசின் இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது, பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். காது கேட்காத பிள்ளைக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சைகூட முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. தாமதத்துக்கு நீங்கள் காரணமில்லை. ஆனால் போய்க் காட்டாமல் இருந்தால் இழப்பு பிள்ளைக்கு. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிறீர்களா? அந்த நாலு பேரும் பள்ளிக் கட்டணம் கட்ட வரப்போவதில்லை.

திண்ணைப் பெண் அந்த அட்டைகளை வாங்கவில்லை. தவணைக்காரப் பையன் இரண்டு தரம் போன் பண்ணினான், மூன்றாவது தரம் என்னிடம் கொடுத்தாள், நான் பேசிய பேச்சில் அவன் காம்பவுண்டுப் பக்கமே வரவில்லை. பாவம், அவனுக்கும் டார்கெட் இருந்திருக்கும்.

கார்த்திகை தீபத்தன்று வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வீட்டிலிருந்து சத்தம். "அக்கா! ஏ அக்கா! ஓடியாங்க!" பதறிப்போய் ஓடினேன். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. சாமி படத்தில் அன்று மாலை இவள் போட்ட மல்லிகைச் சரம். அதை நோக்கி விரலை நீட்டிக்கொண்டு, மூக்கைச் சுருக்கி, "பூ" என்றது. ஒரு தரம் அல்ல, எனக்காக இன்னொரு தரம்.

"பாத்தீங்களாக்கா?" என்றாள் அவள். முகமெல்லாம் விளக்கு வெளிச்சம். "நான்தான் சொல்லிக்குடுத்தேன்."